சிட்டிபாபுவின் கத்தும் பேனா

பீர்க்கன்கரணை வீடுகளில் வயர் மரச்சட்டத்தின் மேல் பகிரங்கமாக ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் எலக்ட்ரீஷியன் சிட்டிபாபுவின் மானத்துக்குக் குறைவில்லை. தொண்ணூறுகளில் வந்த புது வீடுகளோ வயரைச் சுவருக்குள் புதைத்துப் பூசிவிட்டன. அது எங்கே ஓடுகிறது என்பதை அவர் டிரில்லிங் மிஷினால் கண்டுபிடித்தார். அதாவது, வயர் அவரைக் கண்டுபிடித்தது. ஞாயிற்றுக்கிழமை டி.வி. படத்தின் நடுவில் ஒரு தெருவையே இருட்டாக்கிய பிறகு, ஊர் அவருக்கு ‘ஷாக் பாபு’ என்று பட்டம் சூட்டியது.

அப்போதுதான் மைத்துனன் பர்மா பஜாரிலிருந்து ஒரு கருவி வாங்கி வந்தான். தடித்த பேனா மாதிரி இருக்கும். சுவரில் தடவினால், உள்ளே கரண்ட் ஓடும் இடத்தில் கீச்சென்று கத்தும். பட்டம் ஒழிந்தது. அதைச் சட்டைப்பையில் செருகியதும் சிட்டிபாபுவுக்கு டாக்டர் நடை வந்துவிட்டது.

ஏரியோரம் நெல் விளைந்த தன் நிலத்தில் வீடு கட்டி விற்றுக்கொண்டிருந்த சம்பந்தம், ஒருநாள் அவரைக் கூப்பிட்டனுப்பினார். வீடு பார்க்க வந்த பேங்க் அதிகாரி ஸ்ரீநிவாசராகவன் மனைவியோடு ஹாலில் நின்றிருந்தார். பெருமாள் படத்துக்கு எங்கே ஆணி அடிக்கலாம் என்பது மாமியின் கேள்வி.

சிட்டிபாபு பேனாவை வைத்தார். கத்தியது. ஒரு முழம் தள்ளி வைத்தார். கத்தியது. வயரே போகாத மூலையிலும் கத்தியது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். புதுப் பெயின்டுக்கு அடியில் சுவர் நசநசத்தது. ஏரி காலி செய்ய மனமில்லாமல் உள்ளேயே குடியிருக்க, அந்த ஈரத்தில் கரண்ட் சுவர் முழுக்கக் காலாற நடந்துகொண்டிருந்தது.

ஈரம் என்றால் சம்பந்தம் தரும் வேலை போய்விடும். பேனா கெட்டுவிட்டது என்றால் ஷாக் பாபு திரும்பி வந்துவிடுவார். சம்பந்தம் கண்ணாலேயே அதட்டினார்.

“ஃபுல் வயரிங் சார்,” என்றார் சிட்டிபாபு. “சுவத்துல எடமே இல்லாம இழுத்துகீறாங்க.”

அதிகாரி மனம் குளிர்ந்து பத்திரம் பதிந்தார். பெருமாள் நாற்காலியில் எழுந்தருளினார். காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது.

அடுத்த ஐப்பசியில் மாமிக்குப் பொறுமை போயிற்று. கணவர் ஆபீஸ் கிளம்பியதும் மெயினை அணைத்துவிட்டு ஓர் ஆணியை அடித்தார். வயர் வரவில்லை, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்து, தண்ணீர் வழிந்தது.

சிட்டிபாபுவுக்கு ஆள் போயிற்று. வந்தவர் மெயினைப் போட்டுப் பேனாவை வைத்தார். அது அப்போதும் கத்தியது.

“உன் பேனா பொய் சொல்லலைப்பா,” என்றார் மாமி. “நீதான் சொன்னே.”

மாமி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பின் ஏரியோரம் வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் சிட்டிபாபுவைத்தான் தேடினார்கள். பேனா போதும், அவர் பேச வேண்டாம் என்ற நிபந்தனையோடு. அவரும் வாயை இறுக்க மூடிக்கொண்டு சுவரைத் தடவிவிட்டு வருவார்.

சம்பந்தம் தன் வீடுகளைக் கத்திரி வெயிலில் மட்டுமே காட்ட ஆரம்பித்தார்.