கால்வாய்க்கரையில் மாதா பாட்டு

மனிதர்கள் சாப்பிடுவதைப் பார்க்க டக்ளஸுக்குப் பிடிக்காது. ஜெர்மனியில், வுப்பர்டாலில் ஒரு சொசேஜ் தொழிற்சாலையில் வருடக்கணக்காக இயந்திரம் கழுவுகிற மனிதருக்கு அது பிடிக்காமல் போனதில் அதிசயம் இல்லை. அரைக்கும் தொட்டியின் உள்விளிம்பில் ஒட்டிக்கிடக்கும் இளஞ்சிவப்பு இறைச்சிக் கூழைச் சுடுநீரால் அடித்து இறக்குவதுதான் வேலை. அப்போது எழும் ஆவி அவருடைய மூக்கில் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்தாலும் காதுமடலுக்குப் பின்னால் இன்னும் கொழுப்பு இருப்பதுபோலவே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்துக்குள் போனால் அங்கேயும் அதே கதை. ரோல்ஸ் கடித்த எண்ணெய் விரலாலேயே தோளில் தட்டிச் சுகம் விசாரிப்பார்கள். பாதி மென்றது வாய்க்குள் தெரியத் தெரிய யாருடைய மகளுக்கு எந்த மண்டபம் எடுத்தார்கள் என்று சொல்வார்கள். டக்ளஸ் சிரித்துக்கொண்டுதான் நிற்பார். பார்வை மட்டும் அவர்களுடைய வாயை விட்டு விலகி நிற்கும்.

வருடத்தில் ஒரு கிழமை, ஏழே நாள்தான் அவருடைய மூக்குக்கும் காதுக்கும் விடுமுறை. ஆகஸ்டில் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு சார்புறுக்கன் போய் இறங்குவார். அங்கிருந்து ஆற்றங்கரையோடு மிதித்தால் எந்த இடத்தில் ஜெர்மனி முடிந்தது என்று தெரியாமலே பிரான்ஸ் வந்துவிடும். பிறகு கால்வாய். ஒரு காலத்தில் படகிழுத்த குதிரைகள் நடந்த கரையில் இப்போது தார் போட்டு, கார் நுழையாமல் குறுக்கே தடி வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சோளம். கொஞ்ச நேரத்தில் சக்கரத்தின் சத்தமும் காதுக்குப் பழகி இல்லாமல் போகும். தண்ணீரையே பார்த்தபடி நிற்கும் நாரை, அவர் கடந்துபோனதை ஒரு சங்கதியாகவே எடுக்காது. அந்த அலட்சியத்துக்காகத்தான் அவர் அவ்வளவு தூரம் போனார்.

படகுகளை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு ஒன்றின் பக்கத்தில் மதாம் வேபரின் வீடு இருந்தது. எழுபது தாண்டிய பெண். எந்த வெயிலிலும் ரப்பர் சப்பாத்து. அந்தப் பகுதிக்காரர் பேசும் ஒரு மாதிரியான ஜெர்மன்தான் அவளுக்கும். பாதிதான் விளங்கும், பாதியே போதும். அவளுடைய அப்பிள் மரத்தடியில்தான் டக்ளஸ் கூடாரம் அடிப்பார். “நீ சத்தம் இல்லாத ஆள். அதனால்தான் விடுகிறேன்” என்று முதல் வருடமே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு தலையசைப்பும்தான் இருவருக்கும் இடையில். அந்தத் தலையசைப்பை அவர் தொழிற்சாலையில் தொட்டிக்குள் குனிந்து நிற்கும்போது நினைத்துக்கொள்வார்.

ஆனால் இதைச் சனம் நம்ப வேண்டுமே. ஊரில் யுத்தத்தால் பெற்றோல் இல்லாத காலத்தில், வேறு வழியில்லாமல் எல்லோரும் மிதித்தது சைக்கிள். இங்கே வாசலில் கார் நிற்க, லீவு எடுத்து, ரயிலேறிப் போய் ஒருத்தன் அந்தப் பாடு படுவானா? 2006 கோடையில் மண்டபத்தில் கதை வெளிப்படையாகவே வந்துவிட்டது. டக்ளஸுக்குப் பிரான்சில் ஒரு பொம்பிளை இருக்கிறாளாம்.

டக்ளஸின் மனைவி பிளோறன்ஸ் அதை அவரிடம் சொன்னபோது கண் கலங்கவில்லை. கிழங்கு சீவிக்கொண்டே சொன்னாள்.

“எனக்குத் தெரியும் இல்லையெண்டு. ஆனா சனத்துக்கு நான் என்னத்தைச் சொல்ல?”

அவருக்குக் கோபத்தைவிட அருவருப்புத்தான் வந்தது. தன்னுடைய அந்த ஒரு கிழமையை யார் யாரோ வாயில் போட்டு மென்றிருக்கிறார்கள்.

வழி கண்டுபிடித்தது பிளோறன்சின் தமையன் இன்னாசித்தம்பி. டக்ளஸுக்கு வேலை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான், தங்கையைக் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். கோயில் விழா என்றால் ஒலிபெருக்கி அவர் பொறுப்பு.

“மச்சான், இதுக்கு ஒரே வழிதான். இந்தமுறை எல்லாருமாப் போவம். உம்மட பொம்பிளையை நாங்களும் பாக்க வேணுமெல்லோ!”

“அது சும்மா ஒரு பாதை மச்சான். பாக்க ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லாததைப் பாக்கவோ லீவெடுத்துப் போறீர்?”

“நெடுகத் தூரம். உங்களாலை மிதிக்க ஏலாது.”

“ஏலாட்டி வான் இருக்கு” என்றார் இன்னாசித்தம்பி. அதோடு முடிந்தது.

சார்புறுக்கனில் பிளோறன்சும் மண்டபத்துச் சனமுமாக ஏழெட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். இரவல் சைக்கிள்கள், ஒன்றுக்கு முன்னால் சந்தைக்கூடை. அந்தக் கோடையின் உலகக்கிண்ண உதைபந்தாட்டத்துக்குக் குத்திய ஜெர்மன் கொடி இன்னும் கழற்றப்படாத ஒரு வான். அதற்குள் இன்னாசித்தம்பியின் மனைவி செல்லம், மடியில் கறிச்சட்டி. எல்லைக்கு அங்கால் கால்வாய்ப் பாதை தொடங்கும் இடத்தில் டக்ளஸ் உள்ளூர மகிழ்ந்தார். தடி இருக்கிறது, வான் இதோடு நிற்கும். இன்னாசித்தம்பி இறங்கிப் போய்த் தடியை அசைத்துப் பார்த்துவிட்டு ஒரு கையால் தூக்கினார்.

“பூட்டேல்லை! பூட்டேல்லை எண்டாப் போகலாம்தானே?”

கார் நுழையாத அந்தப் பாதையில், நடை வேகத்தில், வான் பின்னால் ஊர்ந்தது. டீசல் புகை சோளத்தின் மேல் படர்ந்தது. கூரையில் கட்டிய ஒலிபெருக்கியில் மாதா பாட்டு தொடங்கியதும் நாரை எழும்பிப் போய்விட்டது. எதிரே வந்த ஒரு முதிய தம்பதி சைக்கிளோடு புல்லுக்குள் இறங்கி நின்று வழிவிட்டார்கள். அவர்களுடைய முகத்தைப் பார்க்காமல் டக்ளஸ் முன்னால் மிதித்தார். தனியாகப் போகிறவர்போலத் தெரிய வேண்டும் என்று கொஞ்சம் வேகமாக. வான் விடவில்லை.

“மச்சான், தண்ணி வேணுமோ?” என்று ஒலிவாங்கியிலேயே கேட்டார் இன்னாசித்தம்பி. பிரான்சின் அந்தப் பகுதி முழுவதும் கேட்டிருக்கும்.

சாப்பாட்டுக்கு நிழல் தேடியவர்கள் கேட்காமலே மதாம் வேபரின் அப்பிள் மரத்தடியில் பாயை விரித்துவிட்டார்கள். வேலி எதுவும் இல்லாத இடம், யாருடையது என்று எவருக்கும் தோன்றவில்லை. செல்லம் சட்டியைத் திறந்தாள். வெள்ளைப் பெட்டிகளில் சோறும் கோழியும் கைக்குக் கை ஓடித் திரிந்தன. ஒருவர் எலும்பைச் சூப்பி முடித்து “மீன் தின்னட்டும்” என்று கால்வாய்க்குள் எறிந்தார். இன்னொருவர் கரையில் குந்தித் தொண்டைவரை கையை விட்டு வாய் கொப்பளித்தார். தண்ணீரில் மஞ்சள் எண்ணெய் வட்டம் வட்டமாக விரிந்தது. டக்ளஸுக்குக் குமட்டிக்கொண்டு ஓங்காளம் வந்தது. தொழிற்சாலையின் ஆவி இங்கேயும் வந்துவிட்டது என்று நினைத்தார்.

ரப்பர் சப்பாத்தின் சத்தம் கேட்டது. மதாம் வேபர் வாசலில் இருந்து நேரே அவரிடம் வந்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் வானைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள்.

“இவர்கள் உன்னுடைய ஆட்களா?”

“இல்லை” என்றார் டக்ளஸ். “நான் தனியத்தான் வந்தேன்.”

சொல்லி முடித்துத் திரும்பினால், இன்னாசித்தம்பி நிற்கிறார். கிழவிக்குக் கொடுக்கவென்று ஒரு தட்டு நிறைய வடை. அவருக்கும் ஜெர்மன் விளங்கும். ஒரு கணம் அவருடைய வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு அதைச் சிரிப்பாக்கிக்கொண்டார்.

“உண்மைதான் மதாம்” என்றார் தன்னுடைய உடைந்த ஜெர்மனில். “வழியிலே கண்டோம். தமிழ் ஆள் என்றபடியால் சாப்பாடு கொடுத்தோம். மன்னிக்க வேணும். இப்போது போய்விடுவோம்.”

தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பாட்டை நிறுத்தினார். பெட்டிகளையும் எலும்புகளையும் வெறுங்கையால் பொறுக்கிப் பையில் போட்டார்.

“வெளிக்கிடுங்கோ, வெளிக்கிடுங்கோ.”

“ஏனப்பா, பாயாசம் இன்னும் குடுக்கேல்லை!” என்றாள் செல்லம்.

“வானுக்கை வைச்சுக் குடும். பொம்பிளையைக் கண்டாச்சுத்தானே, பிறகென்ன?” அவர் மதாம் வேபரைக் கண்ணால் காட்டினார். “இவதான் டக்ளஸின்ரை பிரான்ஸ்காரி. போய் எல்லாருக்கும் சொல்லுங்கோ.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிளோறன்சும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவளுடைய முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

“அப்ப இவர் வரேல்லையோ அண்ணை?”

“அவர் மிதிச்சு முடிச்சு ஆறுதலா வரட்டும்.”

ஒரு சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்து டக்ளஸின் சைக்கிள் கைபிடியில் மாட்டினார். “ஆற முதல் சாப்பிடும், டக்ளஸ்” என்றார். இத்தனை வருடத்தில் அவர் மச்சான் என்று கூப்பிடாதது அன்றுதான்.

வானைத் திருப்ப இடம் போதவில்லை. பின்பக்கமாகவே அது வெகுதூரம் ஊர்ந்து போனது. கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, கழுத்தை முறித்துப் பின்னால் பார்த்தபடி இன்னாசித்தம்பி ஓட்டினார். முன்கண்ணாடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு சிறுத்தது.

“நல்லவேளை, தொல்லை விட்டது” என்றாள் மதாம் வேபர். டக்ளஸ் தலையசைத்தார்.

பிறகு பழைய அமைதி வந்தது. சோளத்தில் காற்று. நாரையும் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது. அவர் பையைப் பிரித்துக் கோழியும் சோறும் முழுவதையும் தின்றார். ருசியாக இருந்தது. விரலை நக்குகிற தன்னுடைய சத்தம் அந்த அமைதியில் அசிங்கமாகக் கேட்டது. மிச்ச நாட்களும் எப்போதும்போலவே நன்றாக இருந்தன. கொஞ்சமாவது கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று அவர் எதிர்பார்த்தார். கெடவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று பிளோறன்ஸ் தேத்தண்ணீரை நீட்டிக்கொண்டு சொன்னாள்:

“அண்ணை கேட்டவர், வாற வருசமும் வான் பிடிக்கட்டோ எண்டு. நீங்கள் ஓம் எண்டாத்தானாம்.”

“வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?”

“வேறை என்னத்தைச் சொல்லுறது?”

தேத்தண்ணீர் சுட்டது. “ஓம் எண்டு சொல்லு” என்றார்.

சொல்லும்போதே, செப்டம்பரில் தனியாக இன்னொரு கிழமை லீவு கிடைக்குமா, வேறு ஏதாவது கால்வாய் இருக்கிறதா என்று மனம் தேடத் தொடங்கிவிட்டது. அது தேடுவதைப் பார்த்துக்கொண்டு, ஓங்காளத்தை அடக்கியபடி, அவர் தேத்தண்ணீரைக் குடித்தார்.