பலகைக்கு அடியில் கிடந்த விஸ்கி

பர்மாவில், பசுந்தாங் கால்வாய் ஓரத்தில் எங்கள் இரும்புச் சாமான் கடை. வெள்ளைக்காரன் காலத்தில் ஏதோ கம்பெனியின் கிடங்காக இருந்த கட்டடம். 2010இல் பின்கட்டுப் பலகைத் தரை உளுத்துப்போய், ஆணி மூட்டை தூக்கிவந்த ஆளின் கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. பலகையைப் பெயர்த்துவிட்டு சிமெண்ட் போடலாம் என்று நானும் மச்சானும் முடிவு செய்தோம். மச்சான், நான் ராத்தா என்று கூப்பிடும் என் அக்காவின் கணவர். கடையில் என் கூட்டாளி.

பர்மாக்காரத் தச்சர் முதல் பலகையைக் கிளப்பியதுமே சாக்கடை நாற்றம். சேற்றில் பாதி புதைந்த மரப்பெட்டி ஒன்று தெரிந்தது. அதற்குள் இருந்த வைக்கோலில் எலிகள் குடித்தனம் நடத்திச் செத்தும் போயிருந்தன. கையை விட்டேன். விரலில் வழவழவென்று ஏதோ ஒட்டியது. என்னவென்று பார்க்காமலே துடைத்துக்கொண்டேன். உள்ளே பாட்டில்கள். ஒன்றின் லேபிளில் மட்டும் ‘விஸ்கி’ என்ற ஆங்கில எழுத்துகள் மிச்சம் இருந்தன.

“அல்லாவே, சாராயம்! கால்வாயில கொட்டிடலாம் மச்சான்.”

மச்சான் ஐந்து வேளை தொழுகை தவறாதவர். சொந்தக்காரர் ஒருவர் பீர் குடித்தார் என்று அவருக்கு சலாம் சொல்வதையே நிறுத்தியவர். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பொறு மாப்ளே. ரேடியோவுல கேக்கலியா? தென் துருவத்துக்குப் போன வெள்ளைக்காரங்க விட்டுட்டுப் போன விஸ்கிய, நூறு வருஷம் கழிச்சுப் பனிக்குள்ளேர்ந்து தோண்டி எடுத்திருக்காங்களாம். இதுவும் அந்தக் காலத்துச் சரக்குதான்.”

“அது பனிக்குள்ள இருந்துச்சு. இது சாக்கடையில கெடந்திருக்கு.”

“நாம குடிக்கவா போறோம்? விக்கத்தானே போறோம்?”

விற்பதும் ஹராம் என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் அதற்குள் மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற அதிகாரியைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டார். தெருவே அவரை மரியாதையாக ‘சயா’ என்று அழைக்கும். சரக்கின் தரம் பார்க்க அவர்தான் சரியான ஆளாம்.

சயா திறக்கப் போனதும் கார்க் பொடிந்து பாட்டிலுக்குள்ளேயே விழுந்தது. டீக் கோப்பையில் ஊற்றினார். பழுப்பு நீரோடு கரப்பான் இறக்கைகளும் ஒரு காலும் வந்து மிதந்தன. கீழே வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் தன் லுங்கி முனையை இன்னொரு கோப்பையின் மேல் விரித்து, அதில் வடிகட்டி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

“காரம் போய்விட்டது. ஆனாலும் வெள்ளைக்காரன் சரக்கு” என்று பர்மியில் சொல்லிவிட்டு, ஈரமான துணியையும் சப்பினார்.

அதைவிட மோசம் மச்சான் செய்தது. மிச்சமிருந்ததில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

“விக்கிற சரக்கு எதுன்னு நமக்குத் தெரிய வேணாமா மாப்ளே?”

துப்பினார். துப்பிவிட்டு, மறுபடியும் விரலை விட்டார்.

நான் பின்வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். நேரே வீட்டுக்குப் போய் ராத்தாவிடம் சொன்னேன்.

ராத்தா என்னோடு கடைக்கு வந்தார். முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தச்சரைப் பெட்டியைக் கரைக்குத் தூக்கிவரச் சொல்லி, ஒவ்வொரு பாட்டிலாகக் கால்வாயில் எறிந்தார். பின்னாலேயே வந்த சயா, ஒன்றாவது தரும்படி, தன் மகள் வயதுள்ள ராத்தாவிடம் கெஞ்சினார். ஒரு பாட்டில் தண்ணீருக்கு எட்டாமல் சேற்றில் குத்திட்டு நின்றது. அவர் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அதை எடுக்க இறங்கினார்.

மச்சான் மெதுவாக, “நல்ல வெலைக்குப் போயிருக்கும்” என்றார்.

“அந்த வாயால எம் புள்ளைங்களுக்கு முத்தம் குடுத்துறாதீங்க” என்றார் ராத்தா.

அடுத்த வாரம் சிமெண்ட் போட்டோம். ராத்தாவிடம் போட்டுக் கொடுத்தேன் என்று மச்சான் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் பேசத் தோன்றவில்லை. மழைக்காலம் முழுக்கப் பின்கட்டில் அந்த நாற்றம் போகவே இல்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நான் வாசல் பக்கம் போய் உட்கார ஆரம்பித்தேன்.