அண்ணியின் ரத்தமும் அந்துப்பூச்சியும்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவி. ஈரலைத் தாக்கும் ஒரு வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் சோதனையை உருவாக்குவது என் வேலை. முழு வைரஸைத் தொட வேண்டியதில்லை. அதன் ஒரே ஒரு புரதத்தை அந்துப்பூச்சியின் செல்லுக்குள் வளர்த்தெடுத்து, பிளாஸ்டிக் தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் பூசி வைப்போம். ரத்தத்தின் தெளிநீரை விட்டுச் சோதித்தால், ஆன்டிபாடி இருக்கிற குழி மஞ்சளாகும்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தம் வேண்டும். எங்கே போவேன்? ஆரணிக்கு பஸ் ஏறி, விவரம் சொல்லி, சம்மதம் வாங்கி, எங்கள் தெரு நெசவுக்காரர்களிடமே எடுத்து வந்தேன். முதலில் கையை நீட்டியவள் என் அண்ணி. நான்கு மாதக் குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

அண்ணியின் குழி மஞ்சளானது.

எனக்கு அவசர புத்தி. மறுபடி சோதிக்காமல், பேராசிரியரிடம் கேட்காமல், அந்த வாரமே ஊருக்குப் போய் அவளிடம் சொல்லித் தொலைத்தேன். தாய்ப்பாலில் குழந்தைக்குப் போகுமா என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். போனாலும் போகும் என்றேன். அன்றைக்கே புட்டிப்பால். குழந்தை ரப்பரைத் துப்பித் துப்பி அழுதது. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த வாரம் இன்னொரு முறை ரத்தம் கேட்டுப் போனேன். அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணி ராட்டையில் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்றுதான் போயிருந்தேன். அவளோ, அந்தப் புரதத்தை எதில் செய்கிறீர்கள் என்று கேட்டாள். அந்துப்பூச்சி செல்லில் என்றேன். ராட்டையை நிறுத்திவிட்டாள்.

"அதுவும் பட்டுப்பூச்சி ஜாதிதானே? நான் நாளெல்லாம் பட்டுத் தூசியத்தான் மூக்குல இழுத்துகினு கீறேன். என் ரத்தம் உன் வைரஸுக்கு மஞ்சளாச்சா, பூச்சிக்கு மஞ்சளாச்சான்னு பார்த்தியா?"

பார்க்கவில்லை. இத்தனை படித்த எனக்கு அது தோன்றவே இல்லை.

வேலூர் திரும்பியதும், வைரஸ் புரதமே இல்லாத வெறும் பூச்சி செல் சாற்றைப் பூசிச் சோதித்தேன். அண்ணியின் குழி அதிலும் அதே மஞ்சள். எங்கள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த பூச்சிச் சரக்கைத்தான் அவள் ரத்தம் அடையாளம் கண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் வேறு முறையில் சோதித்தார்கள், வைரஸ் இல்லை. அதற்குப் பிறகு நான் போட்ட ஒவ்வொரு தட்டிலும் வெறும் செல் சாற்றுக்கென்று ஒரு வரிசை ஒதுக்கினேன். என் ஆய்வேட்டில் உருப்படியான அத்தியாயம் அது ஒன்றுதான். அது அண்ணி போட்ட பிச்சை.

ஆஸ்பத்திரிக் காகிதத்தோடு ஆரணிக்கு ஓடினேன். அண்ணி அதை இரண்டு முறை படித்தாள். குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அது மடக் மடக்கென்று குடித்தது. இத்தனை நாள் கழித்துப் பால் எப்படி என்று கேட்டேன்.

"பதினஞ்சு நாளா பிழிஞ்சி பிழிஞ்சி கீழ ஊத்திகினு இருந்தேன்" என்றாள். "வத்திப்போச்சுன்னா அப்பறம் நீ என் மூஞ்சில முழிப்பியா? அதான்."