ஆடும் தொப்பியும் வாத்து நடையும்

எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சிரிப்புப் படத்தைப் பார்த்தவர்கள் லுணுகலைக் கடைத்தெருவில் என்னைக் கண்டால் இன்றும் கேட்பது ஒன்றுதான். "அந்த வாத்து நடைய யாரு சொல்லிக் குடுத்தாங்க?" படம் எடுத்த தோட்டத்துத் துரை என்றே எல்லோருக்கும் நினைப்பு. இல்லை, என் அம்மா.

படம் பிடிக்கப் பிள்ளைகள் வேண்டும் என்று துரை கேமராப் பெட்டியோடு நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்ததுமே அம்மாவுக்குச் சந்தேகம். தேயிலைச் செடிக்கு மேல் பிள்ளையின் தலை தெரிந்தால் போதும், கங்காணி பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வேலைக்குப் பேர் பதிந்துவிடுவார். அக்காவை அப்படித்தான் இழுத்தார்.

"படமாவது மண்ணாவது! எந்தப் புள்ள வளந்திருக்குன்னு பாக்க வர்றாங்க. நீ முட்டிய மடக்கியே நட. நிமிந்தே, தோல உரிச்சிருவேன்" என்றாள் அம்மா.

எனக்கும் அவள் புத்திதான். துரை கொடுத்த மிட்டாயைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாயில் போட்டேன்.

ஆடு ஒன்று துரை வீட்டுச் சமையல்காரரின் தொப்பியைக் கவ்விக்கொண்டு ஓட வேண்டும், நாங்கள் துரத்த வேண்டும். இதுதான் கதை. ஆடோ தொப்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே பலா இலையை வைத்துத் தைத்த பிறகுதான் கவ்வியது. நான் பாவாடைக்குள் முட்டியை மடக்கி அசைந்து அசைந்து நடந்தேன். துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. கங்காணி சிரிக்காமல் என் நடையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் ஜன்னல்களைச் சாக்கால் மூடி, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். வாத்து நடைக்கு மாடியே அதிர்ந்தது. அம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அப்புறம் ஆடு தேயிலைக்குள் பாய்ந்தது. பிள்ளைகள் பின்னாலேயே பாய்ந்தார்கள். ஒருவர் தலையும் தெரியவில்லை, செடிகள் மட்டும் ஆடின. ஆனால் செடிகளுக்கு மேலே ஒரே ஒரு தலை, வாயெல்லாம் பல்லாக ஓடியது. துரத்துகிற சந்தோஷத்தில் முட்டியை மடக்க மறந்திருக்கிறேன். அந்தப் படத்தில் நான் நிஜமாகச் சிரிப்பது அங்கே மட்டும்தான்.

அம்மாவின் சிரிப்பு நின்றது. என் கையை இறுகப் பிடித்தாள். கங்காணி திரையை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"எந்திரி புள்ள. நேரா நில்லு."

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், அக்காவின் பேருக்கு அடுத்ததாக என் பேரைக் கூப்பிட்டார்கள்.