வெள்ளிக்கிழமை மீன்

மகேந்திரராசா ஒரு மீனைக்கூடக் கொல்லமாட்டார் என்பது டென்மார்க்கின் மேற்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுகம் முழுக்கத் தெரிந்த செய்தி. அங்குள்ள சிறுபடகுக்காரர் சங்கத்தின் சுவரில் அவருடைய படம் தொங்குகிறது. படத்தில் அவர் ஒரு பெரிய மீனை இரண்டு கையிலும் ஏந்தி, கண் கலங்கி, ஏதோ முணுமுணுத்தபடி நிற்கிறார். கீழே டெனிஷில் ‘கடலின் நண்பர்’ என்று எழுதியிருக்கிறது. ஐயோ பாவம், அந்த மனுசன் மீன் தின்ன ஆசைப்பட்ட அளவுக்கு அந்தத் துறைமுகத்துப் பூனைகூட ஆசைப்பட்டிருக்காது.

அந்தப் படம் சுவருக்கு ஏறிய கதையை வெள்ளிக்கிழமையில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

மகேந்திரராசாவுக்கு பிராண்டே என்ற ஊரில் காற்றாலை இறகு செய்கிற தொழிற்சாலையில் வேலை. பிறந்தது யாழ்ப்பாணம்தான் என்றாலும் அவர்கள் வெங்காயத் தோட்டக்காரர். கடலுக்கும் அவர்களுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. இது கூட வேலை செய்யும் ஹென்னிங்குக்குத் தெரியாது. “நீ தீவிலிருந்து வந்தவன், படகு உனக்குத் தண்ணீர்பட்ட பாடு” என்று அவனே தீர்மானித்து, தன் படகில் மீன்பிடிக்க வாவென்று கூப்பிட்டான். நாலு பேர் முன்னால் இல்லையென்று சொல்ல மகேந்திரராசாவுக்கு வெட்கம். தலையை ஆட்டிவிட்டார். ஆட்டிய தலை முதல்நாள் பயணம் முழுக்கப் படகின் விளிம்புக்கு வெளியேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் இரண்டாம் பயணத்தில், அலை உடையும் கற்களோரம், அவர் தூண்டிலில் கட்டி எறிந்த பொய்மீனை ஏதோ ஒன்று பறித்துக்கொண்டு ஓடியது. இழுத்து ஏற்றினால் வெள்ளிச் செதிலும் முட்கள் விறைத்த முதுகுமாக ஒரு மீன். ஹென்னிங் அதை ஹவ்பார்ஸ் என்றான். மகேந்திரராசாவுக்கு அது கொடுவா. அதே வாய், அதே முறைப்பு. நாட்டை விட்டு வந்த கொடுவா கொஞ்சம் இளைத்திருக்கிறது, அவ்வளவுதான். அன்றோடு மனுசனுக்குப் பைத்தியம் பிடித்தது.

சனி ஞாயிறில் படகு ஹென்னிங்கின் மகனுக்கு. வெள்ளிக்கிழமை தொழிற்சாலை நேரத்தோடு கலைந்துவிடும். ஆகவே வெள்ளி பின்னேரம்தான் இவர்களுடைய முறை. இதில்தான் சனியன் உட்கார்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை அவர் மனைவி பவளராணி மீன் முட்டை தொடாத மரக்கறி. அவ மட்டுமில்லை, வீடு மரக்கறி, சட்டி மரக்கறி, கார்கூட மரக்கறி. இருட்டுப்பட அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போவது.

முதல் மீனோடு வந்த அன்றைக்குக் காரின் பின்பெட்டியைத் திறக்கவே அவ விடவில்லை.

“இண்டைக்கு என்ன கிழமை?”

“வெள்ளி. இண்டைக்கு வேண்டாம், ஐஸிலை வைச்சு நாளைக்குச் சமைப்பம்.”

“வெள்ளிக்கிழமை செத்த மீன் நாளைக்கும் வெள்ளிக்கிழமை மீன்தான்.”

“அப்ப நீர் சனிக்கிழமை கடையிலை வாங்கிற மீன் எப்ப செத்ததாம்?”

“அது எங்களுக்குத் தெரியாது. தெரியாததுக்குக் குற்றமில்லை” என்றா பவளராணி.

பெரிய பெரிய சாத்திரக்காரரெல்லாம் முட்டி மோதும் இடத்தை அவ வாசற்படியில் நின்றே கடந்துவிட்டா. அந்த மீன் பக்கத்து வீட்டு டெனிஷ்காரியிடம் போனது. மறுநாள் அவள் வந்து, வெண்ணெயில் வாட்டி உப்புப் போட்டுச் சாப்பிட்டோம், அருமை என்று நன்றி சொன்னாள். மகேந்திரராசாவுக்கு வயிறு எரிந்தது. மிளகாய்த்தூளைக் கண்ணாலும் காணாமல் ஒரு கொடுவா போய்ச் சேர்ந்துவிட்டதே என்று அவருக்கு அன்றைக்கு முழுக்க மனம் ஆறவில்லை.

இனி அந்தக் கொடுமை வேண்டாம் என்று அடுத்த வெள்ளி பிடித்த மீனைத் திரும்பக் கடலில் விட்டார். ஹென்னிங்குக்கு ஆச்சரியம். அளவுக்குச் சின்ன மீனை விடுவது சட்டம். இவ்வளவு பெரியதை ஏன் விடுகிறாய் என்று கேட்டான். ‘மனைவிக்குப் பயம்’ என்ற உண்மை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஆம்பிளைகள் இரண்டு பேர் நடுக்கடலில் நிற்கும்போது அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. “எங்கள் சமயம்” என்று சொல்லி வைத்தார். மனைவியைவிடச் சமயம் கௌரவமாகப் பட்டது. இந்த ஒரு சொல்தான் பிறகு அவர் கழுத்தில் சுருக்காக விழுந்தது.

விடுவதற்கு முன் அவர் மீனை ஏந்திக்கொண்டு கொஞ்சநேரம் பார்ப்பார். உதடு அசையும். கண்ணில் நீர் கட்டும். ஹென்னிங் இதைப் பிரார்த்தனை என்று நினைத்து மோட்டாரை நிறுத்திவிடுவான். கோடை போய்க் கோடை வர, வேறு படகுக்காரரும் அதைப் பார்த்தார்கள். மகேந்திரராசா பக்கத்தில் போனால் குரலைத் தணித்துக் கதைத்தார்கள். துறைமுகத்தில் அவருக்குத் தனிமரியாதை வளர்ந்தது.

மரியாதையெல்லாம் கரையோடு சரி. வீட்டில் நிலைமை வேறு. கோயிலுக்குப் போக வேண்டுமென்பதால் சங்கத்துக் குளியலறையில் தலைமுழுகி, ஷாம்பு மணக்கத்தான் அவர் வீட்டுக்கு வருவார். பவளராணியின் தம்பி தேவராசா ஓல்போர்க்கில் பஸ் ஓட்டுபவன். வாய் மட்டும் பிரேக் இல்லாமல் ஓடும்.

“அக்கா, மீன் பிடிக்கப் போற மனுசன் ஷாம்பு மணத்தோடை வாறதை எங்கையாவது கண்டனீரே? அத்தான் கடலுக்குப் போறாரோ, இல்லாட்டி வேறை எங்கையும் போறாரோ?”

பகிடிதான். ஆனால் கலியாண வீடு, பிறந்தநாள் என்று போன இடமெல்லாம் இதே பகிடி. சிரிக்கிறவர்களில் பவளராணியும் ஒருத்தி என்பதை மகேந்திரராசா கண்டார். அவ சிரித்து முடிந்ததும் ஒரு கணம் அவரைக் கூர்ந்து பார்ப்பா. அந்தப் பார்வைதான் அவரைச் சுட்டது. ஒரேயொரு மீன், தன் கையால் பிடித்த மீன், தன் வீட்டு மேசையில், தேவராசாவின் கண் முன்னால் குழம்பாக இருக்க வேண்டும். அதற்கு மேல் அந்த மனுசனுக்கு வாழ்க்கையில் ஒரு வேண்டுதலும் இருக்கவில்லை.

போன கோடையில் சங்கத்துப் போட்டி ஒரு சனிக்கிழமை வந்தது. ஹென்னிங்கின் மகன் படகை விட்டுக்கொடுத்தான். சனிக்கிழமை! மகேந்திரராசா பவளராணியிடம் விசயத்தைச் சொன்னார்.

“சனியெண்டால் எனக்கென்ன? கொண்டு வாங்கோ, சமைக்கிறன்” என்றா அவ.

சொன்னதோடு நிற்கவில்லை. தேவராசா குடும்பத்தையும் இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டா. விடியவே புளி கரைத்து, தேங்காய் துருவி, மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தா.

அன்று கடலும் இவர் பக்கம். மத்தியானம் கழிய ஒரு கொடுவா தூண்டிலில் கொழுவியது. அப்படி ஒன்றை ஹென்னிங்கே கண்டதில்லை. கையும் தோளும் கழன்றுவிடும் போலிருந்தது. ஒருவழியாக மகேந்திரராசா அதைப் படகில் ஏற்றினார். மண்டையில் ஒரு தட்டுத் தட்டுவதற்கு இருக்கைக்குக் கீழே சின்னத் தடி ஒன்று கிடந்தது. அவர் கண் அதைத் தேடியது.

அப்போதுதான் பார்த்தார். பக்கத்தில் வந்து நின்ற படகில் சங்கத் தலைவர் பிரெபென், கைத்தொலைபேசியை நீட்டி வீடியோ பிடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஹென்னிங் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்திருந்தான். அவனுடைய மொட்டைத் தலையில் வெயில் பட்டது. எல்லோரும் பிரார்த்தனைக்குக் காத்திருந்தார்கள்.

தொப்பி கழற்றி நிற்கிற மனுசனுக்கு முன்னால் மீனின் மண்டையில் எப்படி அடிப்பது? வெள்ளிக்கு ஒரு சமயமும் சனிக்கு ஒரு சமயமும் இருக்கிறது என்று எப்படி விளக்குவது? மகேந்திரராசா மீனை ஏந்தினார். வழக்கம்போல உதடு அசைந்தது. இந்த முறை குரலும் வெளியே வந்துவிட்டது. பிறகு கையைத் தண்ணீரில் தாழ்த்தினார். மீன் வாலை ஒரு தரம் அடித்துவிட்டுப் போனது. பிரெபென் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பவளராணி அவருடைய கையைப் பார்த்தா, முகத்தைப் பார்த்தா, கத்தரிக்காயை எடுத்து வெட்டத் தொடங்கினா. தேவராசாவுக்குத் தீபாவளி.

“அத்தான், கொடுவா நல்ல ஊதா நிறமாயெல்லோ கிடக்கு” என்றான் கத்தரிக்காயைக் காட்டி.

அவனுடைய பிள்ளைகள் சிரித்தார்கள். மகேந்திரராசா தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்.

அந்த நேரம் மகள் நிலக்சி தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சங்கத்தின் பேஸ்புக்கில் பிரெபென் வீடியோவைப் போட்டிருந்தார். “மீனுக்கு விடைகொடுக்கும் பழைய இந்துப் பிரார்த்தனை” என்று மேலே எழுதியிருந்தது. டெனிஷ்காரர் இதயமும் கண்ணீருமாகக் கொட்டியிருந்தார்கள். நிலக்சி சத்தத்தைக் கூட்டினாள். அலைச் சத்தத்துக்கு நடுவில் மகேந்திரராசாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

“தலை சொதிக்கு. நடுத்துண்டு ரெண்டும் நிலக்சிக்குப் பொரிக்க. இந்தப் பக்கம் குழம்புக்கு. வாலைத் தேவராசாவுக்குக் குடுப்பம், முள்ளு எடுக்கிற நேரமாவது வாய் மூடிக் கிடக்கட்டும். வயித்துத்துண்டு பவளத்துக்கு. அவவுக்கு முள்ளு ஆகாது. எல்லாம் கணக்காத்தான் இருக்கு. என்ன செய்யிறது, போயிட்டு வா ராசா.”

தேவராசா கண்ணில் தண்ணி வர விழுந்து விழுந்து சிரித்தான். நிலக்சி டெனிஷில் ஏதோ சொல்லித் தகப்பனின் முதுகில் தட்டினாள். பவளராணி மட்டும் சிரிக்கவில்லை.

“இஞ்சேருங்கோ, ஒவ்வொரு வெள்ளியும் உப்பிடித்தான் பங்கு வைச்சுப்போட்டு விடுறனீங்களோ?”

“ஓம்.”

அவ எழுந்து குசினிக்குள் போய்விட்டா. இவ்வளவு காலமும் அந்த ஷாம்பு மணத்தை மோந்து பார்த்துச் சந்தேகப்பட்டோமே என்று அவவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவின சட்டியையே திரும்பவும் கழுவினா.

போகும்போது தேவராசா வாசலில் நின்று ஒரு போடு போட்டான்: “மீனைக் கண்டம் அத்தான். கறியைத்தான் காணேல்லை.”

“வாற சனி வா. கறியும் இருக்கும்” என்றா பவளராணி உள்ளேயிருந்து.

அடுத்த வெள்ளி மகேந்திரராசா வெளிக்கிடும்போது காரின் பின்பெட்டியில் ஐஸ் பெட்டி ஒன்று இருந்தது. புதுசு. அவர் திரும்பிப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமையெல்லோ?”

“எப்ப செத்தது எண்டு மட்டும் எனக்குச் சொல்லாதையுங்கோ” என்று சொல்லிவிட்டு அவ கதவைச் சாத்தினா.

அவ கதவைத் திறந்துவிட்ட நேரம் பார்த்துக் கடல் கதவை மூடியது. துறைமுகத்தில் இவரைப் பார்க்கவென்றே ஆட்கள் வந்திருந்தார்கள். பிரெபென் அந்த வீடியோவில் இருந்து ஒரு படத்தை எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சங்கச் சுவரில் மாட்டி, எல்லோர் முன்னாலும் கை குலுக்கினார். அன்றும் மீன் அகப்பட்டது. அன்றும் ஹென்னிங் தொப்பியைக் கழற்றினான். ஐஸ் பெட்டி போனபடியே திரும்பி வந்து, கராஜில் மூடினபடி கிடந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் பவளராணி அதைத் திறந்து பார்க்கவில்லை.

சனி விடிய அவ எழும்ப முதல் மகேந்திரராசா கடைக்குப் போனார். மீன் பகுதியில் துருக்கியில் குளத்துப் பண்ணையில் வளர்ந்த கொடுவா இருந்தது. கடலையே கண்டிராத மீன். எல்லாம் ஒரே அளவு, ஒரே முழி. குடலும் எடுத்திருந்தது. வாங்கிக்கொண்டு வந்து ஐஸ் பெட்டிக்குள் அடுக்கினார். தன் வீட்டுக் கராஜில் தானே களவெடுக்கிற மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

பவளராணி வந்து பெட்டியைக் குசினிக்குத் தூக்கிப் போனா. ஏதாவது கேட்பா என்று அவர் கதவோரம் நின்றார். அவ ஒவ்வொரு மீனாக எடுத்துக் கழுவினா. கடைசி மீனின் வாலில் கடையின் விலைத்துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. பெட்டிக்குள் அடுக்கும்போது அவர் அதைக் கவனித்திருக்கவில்லை. அவ நகத்தால் மெல்லக் கிளப்பி, உருட்டி, திரும்பிப் பார்க்காமலே குப்பைக்குள் போட்டா. பிறகு மிளகாய்த்தூள் போத்தலை எடுத்தா.

இரவு தேவராசா வந்தான். குழம்பைப் பார்த்தான், பொரியலைப் பார்த்தான். அவன் பொல்லாதவன், எல்லாம் ஒரே அளவாக இருப்பதைப் பார்த்ததுமே கேள்வியில் கொழுக்கி போட்டுவிட்டான்.

“அக்கா, அத்தான் கடலுக்குப் போறது வெள்ளியிலை. அப்ப இது வெள்ளிக்கிழமை மீனோ, கடை மீனோ?”

மகேந்திரராசா தலை குனிந்தார். வெள்ளிக்கிழமை அந்த வீட்டு அடுப்பில் முட்டைகூட அவியாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கோயிலில் பெண்கள் பவளராணியைக் காட்டித்தான் தங்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லுவார்கள். அவ தம்பியை நேராகப் பார்த்தா.

“அவர் பிடிச்சது. வெள்ளிக்கிழமைதான் பிடிச்சது. விருப்பமில்லாட்டி வையடா.”

தேவராசாவின் வாய் முதல்தரமாகத் திறந்தபடியே நின்றது. அவனுடைய மனைவி சோற்றை விட்டுப் பவளராணியைப் பார்த்தா. நாளைக்கே இந்தக் கதை ஓல்போர்க் வரைக்கும் போகும் என்பது பவளராணிக்கும் தெரியும். ஒன்றும் நடக்காத மாதிரிக் கரண்டியை எடுத்து, வயிற்றுத்துண்டைத் தேடி, அதைத் தன் கணவனின் தட்டில் வைத்தா.

முள் இல்லாத துண்டுதான். மகேந்திரராசா அதில் பாதியைப் பிய்த்துத் திரும்பவும் அவவின் தட்டில் வைத்தார்.