பின்னால் கட்டிய கைகள்

மூடுபனியில் நனைந்த கம்பளிக்கு ஆட்டுக்குட்டியும் பழைய அலமாரியும் கலந்த ஒரு வாசனை உண்டு; அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் விரல்கள் தாமாகவே பொத்தானைத் தேடுகின்றன, கூடவே பழைய எரிச்சலும் கிளம்பிவிடுகிறது.

நாகலூரில் எங்கள் வீடு. அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் "ரைட்டர்". அம்மா ஏற்காட்டு மிஷன் பள்ளி ஒன்றில் மழலை வகுப்பு டீச்சர். பிள்ளை தன் வேலையைத் தானே செய்ய வேண்டும் என்னும் மாண்டிசோரிப் பயிற்சி பெற்றவள், அதைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வரத் தெரியாதவள். துண்டு மாட்டும் ஆணி, கண்ணாடி, தம்ளர்ப் பலகை எல்லாமே என் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கும். நெட்டையான அப்பா தலைவார முட்டிபோட்டு, "ஊடா இது, எலி வளையா?" என்று முணுமுணுப்பார். அம்மா தட்டில் மிளகையும் காபிக்கொட்டையையும் கலந்து வைத்து என்னைப் பிரிக்கச் சொல்வாள். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய "அ"வைத் தடவித் தடவி என் ஆள்காட்டி விரல் சிவந்துபோகும். சின்னச் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றும்போது சிந்தினால் திட்டமாட்டாள். துடைக்கும் துணி எங்கே இருக்கிறது என்று கண்ணால் காட்டுவாள். திட்டித் தொலைத்திருக்கலாம்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், ஸ்வெட்டரைத் தவிர. மார்கழிக் குளிரில் விறைத்த விரல்களுக்குள் வழுக்கி வழுக்கி ஓடும் அந்தப் பொத்தான்களை, ஒரே ஒரு காலையிலாவது, மற்ற பிள்ளைகளின் அம்மாக்களைப் போல அவள் குனிந்து போட்டுவிட வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். அவளோ இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, மலையே பெயர்ந்து வந்தாலும் அசையமாட்டேன் என்பதுபோல நிற்பாள்.

ஒருநாள் பஸ் வந்து வாசலுக்கு எதிரே உறுமிக்கொண்டு நின்றது. "போட்டு உட்டாத்தான் என்ன? உன்ற கை தேஞ்சா போயிரும்?" என்று அப்பா கத்தினார்.

"அதுவே போட்டுக்கும். நீங்க சும்மா இருங்க."

"டீச்சரம்மா, கொழந்தைய அப்படியே தூக்கிட்டு வாங்க, பொத்தானெல்லாம் பஸ்ஸுல பாத்துக்கலாமுங்க!" என்றார் கண்டக்டர்.

"நீங்க போங்க. நாங்க அடுத்த பஸ்ஸுல வர்றோமுங்க."

பஸ் போயே போய்விட்டது. நான் அழுதுகொண்டே போட்டு முடித்தேன். ஒரு பொத்தான் துளை மாறியிருந்ததைப் பள்ளிக் கண்ணாடியில்தான் பார்த்தேன். "பாத்தும் ஏம்மா சொல்லலை?" என்று அவள்மேல் பாய்ந்தேன். "நீயே கண்டுபுடிச்சுட்டியே சாமி," என்றாள், பரிசு கொடுப்பவள்போல.

போன வாரம் அதே வீடு, அதே பனி. அம்மாவின் கைகள் இப்போது நடுங்குகின்றன. அவற்றைக் காட்டுவதற்கு அலையாய் அலைந்து சேலத்து டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தேன். அது தவறினால் இன்னும் எத்தனை வாரமோ. குப்பனூர் வழியாக இறங்கும் பஸ் ஹாரன் அடித்தது. அம்மா அப்போதுதான் ஸ்வெட்டரின் முதல் பொத்தானைத் துளைக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டினேன்.

"கைய எடு கண்ணு."

"அம்மா, பஸ்ஸும்மா!"

"பின்னால கட்டு."

என் நரைத்த தலையோடு கைகளைக் கட்டிக்கொண்டேன். பின்னால் போன கைகளில் ஒன்று இன்னொன்றை மல்லுக்கட்டிப் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டிரைவர் டீ குடிக்க இறங்கியதால் பிழைத்தோம்.

ஏறி உட்கார்ந்த பிறகு பார்த்தேன், ஒரு பொத்தான் துளை மாறியிருந்தது. குப்பனூர் நெருங்கும்போது ஜன்னல் கண்ணாடியில் அம்மாவே கண்டுகொண்டாள்.

"நீ அப்பவே பாத்துட்டீல்ல?"

"பாத்தேன்."

"சொல்லவே இல்லையே."

"நீயே கண்டுபுடிச்சுட்டியே."

பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். பிறகு, இறங்கும் இடத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்ற கவலையே இல்லாமல், மேலிருந்து பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள். "போட்டு உட்டாத்தான் என்ன?" என்று என் பக்கம் நின்று கத்துவதற்கு இப்போது அப்பா இல்லை. நான் என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டேன்.