பூவுக்கு வண்டித் தண்ணீர்

ஆம்பூருக்குச் சற்று முன்னால் எங்கள் பஸ் பஞ்சராகி நிற்கிறது. எதிரே ஒரு தோல் தொழிற்சாலை. தோல் ஊறும் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தியிருந்த நான், அதன் வாசலைப் பார்த்ததும் கையை எடுத்துவிடுகிறேன். வளைவு முழுக்கக் கம்பிக்கூடைகள் தொங்குகின்றன. அவற்றிலிருந்து ஊதாவும் ரோஸுமாகப் பெட்டூனியாப் பூக்கள் முழ நீளத்துக்கு வழிகின்றன. ஊட்டியைப் பெயர்த்து வந்து ஆணியில் மாட்டியது போல இருக்கிறது.

பக்கத்துக் கடையில் ஒரு டீ வாங்கிக் குடித்தபடியே, ஸ்டூல் மேல் நின்று பூவாளியால் தண்ணீர் ஊற்றும் பெண்ணிடம் விசாரிக்கிறேன்.

"ஜெர்மனிலேர்ந்து தோல் வாங்க வர்றாங்க சார். அதுக்குத்தான் இந்த ஜோடனை. பூவுக்குன்னே மாதனூர்லேர்ந்து டெய்லி மாட்டு வண்டியில நல்ல தண்ணி வருது."

"ஏம்மா, இங்க கிணறு இல்லையா?"

"கீது சார். தோல் கழுவுற தண்ணி அதுல எறங்கிடுச்சு. மொதல்ல அதைத்தான் ஊத்தினோம். மூணே நாள்ல அத்தனை செடியும் கருகிப் போச்சு. மொதலாளி பேஜாராயிட்டாரு."

"அப்போ நீங்கள்லாம் எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

"அந்தக் கெணத்துத் தண்ணிதான். நாங்க இன்னா பூவா சார், கருகிப் போறதுக்கு?"

சிரித்துக்கொண்டே கிணற்றைக் கை காட்டுகிறார். டீக்கடைக்காரர் அதில் வாளியை இறக்கிக்கொண்டிருக்கிறார். என் கையிலிருக்கும் கிளாஸைப் பார்க்கிறேன். அடியில் ஒரு வாய்தான் மிச்சம்.